கோதுமை ரவை உப்புமா

குடியை நிறுத்துவதற்காக மருத்துவமனையில் பரணிதரனின் நாக்கில் ஒரு மின்னணுச் சில்லு வைத்தார்கள். அவனுக்கு அறவே பிடிக்காத உணவின் சுவைதான் இனி மதுவில் வரும். யோசிக்காமல் மனைவி சுகந்தியின் கோதுமை ரவை உப்புமாவைச் சொன்னான். அவள் முறைத்துக்கொண்டே டிபன் பாக்ஸில் மாதிரி கொண்டுவந்து கொடுத்தாள். மூன்று வருடம் அவன் ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை.

அவள் இறந்த பிறகு தினமும் குடித்தான். அந்த உப்புமா வேறெங்கும் கிடைக்கவில்லை.

"ஈரல் போயிடும் சார். பாகற்காய்க்கு மாத்திடலாம்," என்றார் நர்ஸ் எமல்டா.

"உப்புமாவை அழிச்சிடுவீங்களா?"

"பின்னே?"

"அழிக்காதீங்க சிஸ்டர். அப்படியே டீக்கு மாத்துங்க, குடியை விட்டுடறேன்."

"உப்புமா மாதிரி டீயை யார் சார் குடிப்பா?"

"சர்க்கரை போடாமக் குடிச்சுக்கறேன். உப்புமாவுக்குச் சர்க்கரை தொட்டா அவ திட்டுவா."