கம்ப்யூட்டர் ஜாகா

“செருப்பை வெளியில கழட்டு பிள்ளை. கதவைக் கெதியாச் சாத்து, சூடு உள்ள வருது!”

மூன்று மாதம் கழித்து நிபோங் திபாலிலிருந்து பஸ்ஸும் ஃபெரியும் மாறி வந்து நிற்கும் மகளுக்கு அப்பா விநாசித்தம்பி கொடுத்த வரவேற்பு இதுதான்.

தவமணி அறையைப் பார்த்தாள். மேசைமேல் கவர் போட்ட கம்ப்யூட்டர். சுவரில் புது ஏர்கான் ஜிலுஜிலுவென்று ஓடியது. தரையில் அப்பாவின் பாய், தலையணை, போர்வை.

“இங்கயா படுக்கிறீங்க?”

“பின்ன? தம்பி எங்கிட்டதான் பொறுப்பைக் குடுத்திருக்கிறான். இந்த மெஷினுக்குச் சூடு பட்டாப் போச்சு, ஈரம் பட்டாப் பூஞ்சணம். காலையில பிரஷ்ஷால தூசி தட்டணும், ஈரத்துணி கூடவே கூடாது. ராத்திரி ஏர்கான் நிக்காமப் பாக்கணும். பட்டன்ல மட்டும் நான் கை வைக்கிறதில்ல. அது தம்பியோட வேலை.”

ரயில்வே கிளார்க்காக இருந்த காலத்தில்கூட மனிதர் இத்தனை பெருமையாகப் பேசியதில்லை. தவமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே அடுப்படிக்குப் போய்த் தம்பி சற்குணத்தைப் பிடித்தாள்.

“ஏன்டா, மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில கெடந்த மனுஷன். டாக்டர் ரெஸ்ட் எடுக்கச் சொன்னாரா, வாட்ச்மேன் மாதிரி ராத்திரியெல்லாம் ஜாகா வேலை பாக்கச் சொன்னாரா?”

“சும்மா பாத்துக்கிறாரு, அக்கா.”

“கம்ப்யூட்டருக்கு ஏர்கான், பெத்தவருக்குத் தரையில பாயா?”

“கட்டில் போடறேன்னுதான் சொன்னேன். டியூட்டியில கட்டில் எதுக்குன்னுட்டாரு.”

“டியூட்டியாம், பெரிய டியூட்டி!”

சற்குணம் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. அவனும் மனைவியும் படுக்கும் மெத்தை முன் ஹாலில், பழைய ஃபேனுக்குக் கீழே சுருட்டிக் கிடந்தது. கோபத்தில் இருப்பவளுக்கு அதெல்லாம் எங்கே கண்ணில் படும்?

“சாயங்காலம் அப்பாவைக் கூட்டிட்டுப் போறேன். எங்க வீட்டுல ஏர்கான் இல்லதான். ஆனா எதையும் காவல் காக்க வேணாம்லா!”

சற்குணம் பதறிப்போனான். “வேணாம் அக்கா. அவரு இங்கயே இருக்கட்டும்.”

“ஏன், மெஷினை யார் பாத்துப்பான்னு கவலையா?”

சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா போர்வைக்குள் அயர்ந்து தூங்கினார். தவமணி அவருடைய சட்டைகளையும் சாரோங்குகளையும் அலமாரியிலிருந்து எடுத்துப் பையில் வைத்தாள். போகிற போக்கில் கண் கம்ப்யூட்டர்மேல் விழுந்தது. அப்படி என்னதான் இதில் கொட்டிக் கிடக்கிறது? கவரை விலக்கிப் பட்டனை அழுத்தினாள்.

ஒன்றுமில்லை. சுவர் சுவிட்சைப் பார்த்தாள், போட்டுத்தான் இருந்தது. மறுபடி அழுத்தினாள். வெளிச்சமும் இல்லை, சத்தமும் இல்லை. கெடுத்துவிட்டோமோ?

திரும்பினால் வாசலில் சற்குணம்.

“நான் ஒண்ணும் பண்ணலடா. பட்டனைத்தான்...”

“மெல்லப் பேசு அக்கா.” கிட்டே வந்து கிசுகிசுத்தான். “அது வரும்போதே செத்துதான் வந்துச்சு. ஆபீஸ்ல தூக்கிப் போட்டது.”

“அப்போ ஏர்கான்?”

“அப்பாவுக்குச் சூடு ஆகாது, குளிர்ச்சியா வச்சுக்கணும்னு டாக்டர் சொன்னாரு. எங்க ரூம்ல, இங்க, வாங்கி மாட்டினேன். எனக்கா இந்தச் செலவுன்னு அதை நிறுத்திட்டு ஹால்ல வேர்வையில கெடந்தாரு. இதைக் கொண்டாந்து வச்சு, ஏர்கான் கம்ப்யூட்டருக்குன்னு சொன்னேன். அன்னைக்கே பாயைத் தூக்கிட்டு வந்துட்டாரு.”

தவமணிக்குத் தம்பியின் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. பையிலிருந்த சாரோங்குகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்தாள்.

சத்தத்தில் அப்பா கண் விழித்தார். “யாரது மெஷின்கிட்ட?”

“கவர் விலகியிருந்துச்சு, மூடினேன் அப்பா.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “வெளியில வெயில் கொளுத்துது. குளிரை இன்னும் கொஞ்சம் கூட்டட்டுமா? கம்ப்யூட்டருக்கு.”

“கூட்டு, கூட்டு. மெஷினுக்குச் செலவு பாக்கக் கூடாது” என்றபடி போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டார் அப்பா.