சத்தம் போடாத சர்வர்

“ஜோலீன், அலமாரியில இருந்த என் பழைய லேப்டாப் எங்கே?” டெல்மர் அலறினான்.

“காலையில வாசல்ல பழைய சாமான் வித்த கராஜ் சேல்ல தள்ளிவிட்டேன். உள்ள ஹார்ட் டிஸ்க்கே இல்ல. சத்தமில்லாம கிடந்துச்சா, செத்துப்போச்சுன்னு நெனச்சேன்.”

“அடிப்பாவி! சத்தம் வராம ஓடுறதுதான் அதோட பெருமையே! நெட்டுல எல்லாருக்கும் ஸ்கோர் அனுப்புற என் சர்வரே அதுதான்! இன்னிக்கு சாஃப்ட்பால் ஃபைனல். ஸ்கோர் வரலேன்னா அயோவா மாநிலமே என்னைக் கிழிச்சிடும்!”

“அப்போ மைதானத்துக்கு ஓடிப்போய் எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேளு.”

மைதானத்துக்குள் டெல்மர் தயங்கித் தயங்கி நுழைந்தான். கோச் ராண்டி பாய்ந்து வந்து கட்டிக்கொண்டான்.

“கலக்கிட்டே மச்சான்! அலாஸ்காவுல எங்கப்பா போன்ல ஸ்கோர் பாத்துக் குதிக்கிறாரு!”

குழம்பிய டெல்மர் மனைவி ஜோலீனைப் போனில் அழைத்தான். “சர்வர் எப்படி ஓடுது?”

“வித்தது வெறும் டப்பாதான். மொத்த சர்வரும் பென் டிரைவ்லதானே இருக்கு? அதை உருவி என் ஓட்டை லேப்டாப்ல சொருகிட்டேன்.”

“அப்புறம் எதுக்குடி என்னை விரட்டினே?”

“பின்ன? உன் பொண்ணு ஆடுற ஒவ்வொரு மேட்சுக்கும் நீ சர்வருக்குத்தான் காவல் இருந்தே. இன்னிக்கு நான் இருக்கேன். திரும்பிப் பாரு, ஸ்கோர்ல போட்டிருக்கு, டெஸ்ஸாதான் அடிக்க வர்றா.”

திரும்பினான். மட்டையைத் தூக்கிக் காட்டி, “அப்பா!” என்று மைதானமே அதிரக் கத்தினாள் டெஸ்ஸா.