உண்ணிப் பைத்தியம்

"மச்சான், உங்க தங்கச்சியை வந்து கூட்டிட்டுப் போயிடுங்க. எங்களால முடியல."

போனில் மாப்பிள்ளை இப்படிச் சொன்னால் எந்த அண்ணன்தான் கடையில் உட்கார்ந்திருப்பான்? கடை ஷட்டரை இழுத்துவிட்டு, காரை எடுத்துக்கொண்டு ஓடினான்.

ஊர்க் கோடியில் கடைசி வீடு. பின்பக்கம் தோட்டம், தோட்டத்துக்கு வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் ஆடு மாடு மேயும் புதர்க்காடு.

அவன் உட்காரக்கூட இல்லை, தங்கையின் மாமியார் ஆரம்பித்துவிட்டாள்.

"நல்ல வேளை வந்தீங்க தம்பி. உண்ணி உண்ணின்னு உங்க தங்கச்சி எங்களைப் படுத்துற பாடு இருக்கே! பக்கத்துத் தெருவுல ஒரு பையன் உண்ணிக் காய்ச்சல்ல செத்துப்போனான். பாவம்தான், இல்லேங்கல. அதுக்காக? அன்னைலேருந்து இவளுக்குப் பேய் புடிச்ச மாதிரி ஆயிடுச்சு."

"அப்படி என்னம்மா பண்றா?"

"என்ன பண்ணலைன்னு கேளுங்க மச்சான்," என்றான் மாப்பிள்ளை. "தோட்டத்துப் புல்லை மொட்டையடிச்சா. வேலியோரமா ஜல்லி கொட்டினா, அதைத் தாண்டி உண்ணி வராதாம். சுவர்ல சாத்தியிருந்த விறகை ஒண்டியாளா தூக்கி அந்தக் கோடியில கொண்டுபோய் அடுக்கினா. காலையில எழுந்தா ஒரு வெள்ளைப் போர்வையைத் தரையில இழுத்துக்கிட்டே தோட்டம் பூரா நடக்கிறா. எதுவும் ஒட்டுதான்னு பாக்கிறாளாம். தெருவே சிரிக்குது. 'உண்ணிப் பைத்தியம்'னு பேரே வச்சுட்டாங்க."

"அதுகூடப் பரவாயில்ல தம்பி. சாயங்காலம் ஆனா ஹால்ல லைட்டுக்குக் கீழ எங்க எல்லாரையும் வரிசையா நிக்க வைப்பா. காது மடல், அக்குள், முட்டிக்குப் பின்னாடின்னு ஒரு இடம் விடமாட்டா. பசங்களைப் பாத்தா சரி. இந்த வயசுல என்னை முட்டிக்கு மேல துணியைத் தூக்கச் சொன்னா எப்படி?"

"என் தலையில எதைத் தேடறான்னுதான் எனக்குப் புரியல," என்றார் மாமனார், பளபளவென்றிருந்த வழுக்கையைத் தடவியபடி.

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்த பிறகுதான் கேட்கத் தோன்றியது.

"அவ எங்க?"

"உள்ள படுத்திருக்கா," என்றாள் மாமியார். "அஞ்சாறு நாளாச்சு எழுந்து. பயந்து பயந்தே காய்ச்சலை இழுத்து வச்சுக்கிட்டா."

"டாக்டர்கிட்ட காட்டலையா?"

"மாத்திரை வாங்கிக் கொடுத்தேனே!" என்றான் மாப்பிள்ளை. "இவளுக்குக் காட்ட வேண்டியது மனசுக்குப் பாக்கிற டாக்டரை. அதுக்குத்தான் உங்களை வரச் சொன்னேன்."

அண்ணன் உள்ளே போனான். தங்கை கிழிந்த நாராய்க் கிடந்தாள். நெற்றியில் கை வைத்தவன் வெடுக்கென்று எடுத்துக்கொண்டான். அப்படிக் கொதித்தது.

அவள் கண்ணைத் திறந்தாள்.

"அண்ணா... தோட்டத்துப் பக்கமாவா வந்தே? காலைக் காட்டு, பாக்கிறேன்."

எழுந்திருக்கப் பார்த்தாள். தலையைக்கூடத் தூக்க முடியவில்லை. யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்படியே வாரித் தூக்கிக் காரில் போட்டான். பசங்களைத் தாத்தாவிடம் விட்டுவிட்டு மாப்பிள்ளையும் அவன் அம்மாவும் ஓடிவந்து ஏறிக்கொண்டார்கள்.

வழியெல்லாம் மாமியார் சொல்லிக்கொண்டே வந்தாள். "ஒண்ணும் இருக்காது தம்பி. எல்லாம் மனப்பிராந்தி."

ஆஸ்பத்திரியில் பார்த்த உடனே டாக்டரம்மாவின் முகம் மாறியது. நர்ஸைக் கூப்பிட்டாள். ரத்தம் எடுத்தார்கள், ஊசி போட்டார்கள், குழாய் மாட்டினார்கள். ரிசல்ட் வந்ததும் வெளியே வந்தாள்.

"இத்தனை நாள் எங்க இருந்தீங்க? கிட்னி ரெண்டும் வேலை செய்யல. மூச்சும் சரியா இல்ல."

"பொழைச்சுக்குவாளா டாக்டர்?" என்றான் அண்ணன்.

அவள் ரிசல்ட் தாளைத் திரும்பப் பார்த்தாள். "வீட்டுப் பக்கம் புல்லு, புதர் ஏதாவது இருக்கா? உண்ணி கடிச்சிருக்குமா?" என்று கேட்டாள்.

"சான்ஸே இல்ல டாக்டர்," என்றான் மாப்பிள்ளை. "தோட்டத்துல நாங்க புல்லே வளரவிடறதில்ல. வேலியோரமா ஜல்லி கொட்டியிருக்கோம். சாயங்காலம் ஆனா வீட்ல ஒருத்தர் விடாம தலையிலேருந்து கால் வரைக்கும் பாப்போம்."

பாப்போமாம்! வீட்டில் பைத்தியக்காரத்தனமாக இருந்தது, ஆஸ்பத்திரிக்கு வந்ததும் குடும்பப் பழக்கமாகிவிட்டது. அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டான். சண்டை போடவும் தெம்பில்லை.

"அவ்வளவு கவனமா இருந்தீங்களா?" என்றாள் டாக்டரம்மா. "கொஞ்சம் உள்ள வாங்க."

நர்ஸ் தங்கையை மெல்ல ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். நினைவில்லை. டாக்டரம்மா முதுகுத் துணியை விலக்கிக் காட்டினாள்.

இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், சூடு வைத்த மாதிரி கருகிய புண் ஒன்று. அதை ஒட்டியே, ரத்தம் குடித்து ஆமணக்கு விதை மாதிரி உப்பிப்போய், இன்னும் விடாமல் கடித்துக்கொண்டிருந்தது ஓர் உண்ணி.



"ஒருத்தர் விடாம பாப்போம்னு சொன்னீங்களே," என்றாள் டாக்டரம்மா. "இவங்களை யார் பாத்தீங்க?"

மாப்பிள்ளை அம்மாவைப் பார்த்தான். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அது வந்து... அவளே பாத்துக்குவா டாக்டர்."