பலகை அடித்த கண்ணாடி

"இப்படிச் செய்ய எவனுக்குத்தான் மனசு வந்துச்சோ!" என்றாள் கோரின்.

வீட்டின் மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி. தரையிலிருந்து கூரை வரை, பதினெட்டு அடி அகலத்துக்கு. அதன்மேல் வெளிப்பக்கமாகப் பிளைவுட் பலகைகளை வரிசையாக அறைந்து, பழுப்புப் பெயின்ட்டும் பூசியிருந்தார்கள்.

அமெரிக்காவின் டென்வர் நகரைச் சுற்றி 1950களில் கட்டிய வீடுகளை வாங்கி, பிற்பாடு ஒட்டவைத்த குப்பையையெல்லாம் உரித்தெடுத்து, பழைய அழகுக்குக் கொண்டுவந்து விற்பதுதான் கோரினின் தொழில். இது பதினோராவது வீடு. கையிலிருந்ததையெல்லாம் இதில் போட்டிருந்தாள்.

"கண்ணாடி வீட்டை வாங்கிக் குகையாக்கி வெச்சிருக்கான் மனுஷன்," என்று கடப்பாரையை எடுத்தான் அவளுடைய தச்சன் ரூடி.

எதிர்வீட்டு டேல் வேடிக்கை பார்க்க வந்து நின்றார். எழுபதைத் தாண்டியவர். தெருவின் கதையெல்லாம் அவருக்கு அத்துப்படி.

"இங்க முன்னாடி குடியிருந்த ஹால்வர்சன் வேலைதானே? சரியான சிடுமூஞ்சி! எண்பத்தொன்பதுல நடந்தது. சரிவுல கீழ இருக்கிற வீட்டுப் பொண்ணு தீக்காயத்தோட மாசக்கணக்கா ஆஸ்பத்திரியில கிடந்துட்டு அப்பதான் வீடு திரும்பியிருந்தா. நாங்கல்லாம் கேக், கோழி சூப்புன்னு தூக்கிக்கிட்டு ஓடறோம். இந்தாளு எட்டிக்கூடப் பார்க்கலை. ரெண்டு நாள் விடாம டமால் டமால்னு ஆணி அடிச்சுக்கிட்டிருந்தாரு!"

"ஏன்னு கேட்கலையா நீங்க?"

"கேட்டேனே. 'என் வீடு, என் ஜன்னல்'னு வெடுக்குன்னு சொன்னாரு. அன்னியோட நான் பேச்சை நிறுத்தினேன். தெருவே நிறுத்திடுச்சு. போன குளிர்காலத்துல செத்தப்போகூட யாரும் போகலை."

ரூடி முதல் பலகையை நெம்பினான். அது முனகிக்கொண்டே சரிந்தது.

வெளிச்சம் உள்ளே வந்தது. பளீரென்று அல்ல, தூக்கம் கலையாத குழந்தைபோல மெல்ல நடந்து வந்து, தரையில் படுத்துக்கொண்டது. ஒவ்வொரு பலகையாக விழ விழ, மலைகள் ஒவ்வொன்றாக அறைக்குள் வந்து நின்றன. உச்சியில் பனி. அடிவாரத்தில் நீலப் புகை.

"படுபாவி," என்றாள் கோரின், கீழே விழுந்து கிடந்த பலகைகளைப் பார்த்து.

மே மாதம், வாங்க வருபவர்கள் சுற்றிப் பார்க்க வீட்டைத் திறந்துவைத்தாள். ஞாயிற்றுக்கிழமை, சூரியன் சாய்கிற நேரமாகப் பார்த்துத்தான் வரச் சொல்லியிருந்தாள். கூட்டத்தில் ஓர் இளம் தம்பதி அந்தக் கண்ணாடியை விட்டு நகரவே இல்லை. வாங்கப்போகிறவர்கள் இவர்கள்தான் என்று கோரினுக்குத் தெரிந்துவிட்டது.

"இதைப் போய் ஒருத்தர் முப்பது வருஷத்துக்கு மேல பலகை அடிச்சு மூடி வெச்சிருந்தாரு, தெரியுமா?" என்று ஆரம்பித்தாள். அன்று அவள் அந்தக் கதையை ஏழெட்டுப் பேருக்குச் சொல்லியிருந்தாள். "அக்கம்பக்கத்து முகத்தையே பார்க்கப் பிடிக்காதாம்!"

தம்பதி சிரித்தார்கள். ஒயின் கோப்பையோடு நின்ற டேலும் சிரித்தார்.

"அவருக்கு மலைன்னா உயிர்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

நாற்பதைத் தாண்டிய ஒரு பெண். கையில்லாத சட்டை. கழுத்திலிருந்து இடது மணிக்கட்டு வரை தோல் சுருங்கி, மெழுகு உருகி உறைந்தாற்போல் இருந்தது. கோரின் பார்த்துவிட்டு, சட்டென்று பார்வையைத் திருப்பினாள்.

"பரவாயில்ல, பாருங்க. நான் கீழ் வீடு. மார்னி."

கோரின் கீழே எட்டிப் பார்த்தாள். கண்ணாடி வழியே சரிவின் கீழே மார்னி வீட்டு நீச்சல் குளம் அப்படியே தெரிந்தது. "பலகையை எடுத்தது உங்களுக்குத் தொந்தரவா இருந்தா, திரை ஏதாவது..."

"ஐயோ, சண்டை போட வரலைங்க." மார்னி கண்ணாடியை நெருங்கவில்லை, தள்ளியே நின்றாள். "ஆஸ்பத்திரியிலேருந்து வந்தப்போ எனக்குப் பதினொரு வயசு. குளத்துல இறங்கலாம்னு வந்து நிமிர்ந்து பார்த்தா, மேல இந்தக் கண்ணாடி. உள்ள ஹால்வர்சன் நிக்கிறாரு. துண்டைச் சுத்திக்கிட்டு ஓடினவ, அப்புறம் வெளியிலயே வரலை. மறுநாள் காலையில சுத்தியல் சத்தம் கேட்டுச்சு."

டேல் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ரெண்டு நாள் அடிச்சாரு. முடிச்சுட்டு வேலிக்கு மேல தலையை நீட்டி, 'ஏ பொண்ணு, இனிமே உன்னை வானம் மட்டும்தான் பார்க்கும். போய் நீந்து'ன்னாரு. இது நமக்குள்ளயே இருக்கட்டும்னாரு. நானும் யார்கிட்டயும் சொல்லலை."

மார்னி தன் இடது கையைத் தடவிக்கொண்டாள்.

"இருபது வயசுலயே எனக்கு அந்தக் கூச்சமெல்லாம் போயிடுச்சுங்க. மேல ஏறி வந்து, 'போதும், கழட்டிடுங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தோணவே இல்லை. மேல அப்படி ஒரு பலகைச் சுவர் இருக்குங்கறதே மறந்துபோச்சு."

சூரியன் பனிக்குப் பின்னால் இறங்கத் தொடங்கியது. மலை சிவந்தது. அந்தச் சிவப்பு வழிந்து வந்து தரையை நனைத்தது, சுவரை நனைத்தது, நின்றவர்கள் முகங்களையெல்லாம் நனைத்தது. தம்பதி ஒதுங்கி வழிவிட்டார்கள்.

மார்னி மெல்ல நடந்து போய், கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். வெகுநேரம் அப்படியே நின்றாள்.

பிறகு யாரையும் திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்:

"இவ்வளவையுமா எனக்காக மூடி வெச்சிருந்தாரு?"