துருப்பிடிக்காத கார்

ஸ்ரீதரன் மனைவிக்கு எடுத்த அழைப்பு அவன் வீட்டுக் குசினிக்குள்ளேயே ஒலித்தது. சிவமலரின் போன் அரிசி வாளியின் மேல் கிடந்தது. எங்கே போனாலும் போனைக் கையோடு கொண்டுபோக வேண்டும் என்று அவளிடம் எத்தனையோ தடவை சொல்லியிருந்தான்.

அன்று சனிக்கிழமை. மகள் ஆரணியைத் தமிழ்ப் பாடசாலையில் இருந்து கூட்டிக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருக்க வேண்டியவள். ஜெர்மனியின் டோர்ட்மண்டில் காலையில் பிடித்த மழை இன்னும் விடவில்லை. ஜன்னலுக்குக் கீழே, அவளுடைய பழைய வொல்வோ கார் வழக்கமாக நிற்கிற இடத்தில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது.

அந்தக் காரை நினைத்ததும் அவன் இன்னொரு தடவை தெருவை எட்டிப் பார்த்தான். அது அவள் வயதை விடப் பழசு. ஈரத்தில் பிரேக் பிடித்தால் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. மோதினால் ஆளைக் காக்கக் காற்றுப்பை கூடக் கிடையாது.

முன்பு அவளிடம் இருந்தது, அவனே பார்த்து எடுத்துக் கொடுத்த புது மின்சாரக் கார். விபத்து நடந்தால் அதுவே உதவிக்கு அழைக்கும். கதவு பூட்டியிருக்கிறதா, சார்ஜ் எவ்வளவு இருக்கிறது, எந்தத் தெருவில் நிற்கிறது என்று எல்லாவற்றையும் அவன் வேலையிடத்தில் இருந்தே போனில் பார்ப்பான். வரும் வழியில் அவள் ஒரு கடையில் இறங்கினால் போதும், அங்கே என்ன வேலை என்று போனில் சிரித்துக்கொண்டே கேட்பான். அவளும் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவாள்.

அதைத்தான் விற்கப்போவதாகப் போன வருசம் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் சார்ஜ் போடக் குளிருக்குள் நிற்க முடியவில்லை என்றாள். கராஜ் வைத்திருக்கும் உருத்திரமூர்த்தி அண்ணை வீட்டுக்கு வந்திருந்த நேரம் அது.

அண்ணை பழைய கார்ப் பைத்தியம். கலிபோர்னியாவில் இருந்து ஒரு வொல்வோ எடுப்பிக்கலாம், அந்தப் பக்கம் பனி உருக்க ரோட்டுக்கு உப்புப் போடுவதில்லை, அதனால் எத்தனை வருசமானாலும் அடித்தகடு துருப்பிடிக்காது என்று பெரிய பிரசங்கமே செய்தார். அவருக்கு முன்னால் ஸ்ரீதரனால் மறுக்க முடியவில்லை.

இரண்டு கிழமையில் ஆசை தீர்ந்துவிடும் என்று நினைத்தான். ஆனால் எதையும் அவனைக் கேட்டே செய்கிறவள், இந்த ஒன்றில் மட்டும் கேட்கவில்லை. கப்பல் நிறுவனத்தோடு பேசினாள். பிரேமர்ஹாஃபன் துறைமுகத்துக்குத் தனியாக ரயில் ஏறிப் போனாள். சுங்கம், பரிசோதனை, நம்பர் தகடு என்று அலைந்து, கடும் மஞ்சள் நிற வொல்வோ ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் விட்டாள்.

இப்படிப்பட்ட கார்களை மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை வெயிலுக்குத்தான் வெளியே எடுப்பார்கள். அவள் வேலைக்கும் கடைக்கும் பாடசாலைக்கும் அதிலேயே போனாள். ஆரணி கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் கண்ணாடியை இறக்கி ஏற்றுவாள். ஸ்ரீதரனும் ஒருநாள் அவர்களோடு ஏறியபோது மட்டும் பின்சீட்டில் கையைக் கட்டிக்கொண்டு பேசாமல் இருந்தாள்.

அன்றைக்குத்தான் அவன் கேட்டான். "அப்பிடி என்னதான் இருக்கு இந்தக் காரிலை?"

"ஒண்டுமில்லை," என்றாள் சிவமலர். "அதுதான் எனக்குப் பிடிச்சது."

இப்போது மழைக்குள் ஸ்ரீதரன் தன் காரை எடுத்துக்கொண்டு பாடசாலைக்கு ஓடினான். இடைவேளைக்கு முன்பே தாய் வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டதாக ஆசிரியை சொன்னார்.

சிவமலர் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்குப் போன் எடுத்தான். அவள் போன மாதமே வேலையை விட்டுவிட்டாள் என்றார்கள். பெயரை எழுத்தெழுத்தாகத் திரும்பவும் சொன்னான். அதே பதில்தான் வந்தது.

நேற்றுக் காலையிலும் அவள் சீருடையோடு அந்தக் காரில் ஏறிப் போனதை ஜன்னலில் நின்று பார்த்தவன் அவன். எங்கே போனாள்? இத்தனை நாளும் எங்கே போய் வந்தாள்?

அவளுக்கு இந்த நாட்டில் உறவென்று இருப்பது எசன் நகரில் இருக்கும் தங்கை கிருசாந்தி மட்டும்தான். அங்கே போகும் வழியில் நெடுஞ்சாலையின் ஒரு பக்கத்தை அடைத்திருந்தார்கள். மழைக்குள் பொலிஸ் வண்டிகளின் நீல விளக்குகள் சுழன்றன. இழுவை வண்டியின் மேல் முன்பக்கம் நொறுங்கிய கார் ஒன்று மஞ்சளாய்த் தெரிந்தது.

ஊர்ந்து ஊர்ந்து கிட்டப் போன பிறகுதான் அது வேறு யாருடையதோ என்று தெரிந்தது. ஸ்ரீதரன் வாய்விட்டு அழுதான்.

கிருசாந்தி கதவைத் திறந்தாள். சங்கிலியைக் கழற்றவில்லை. அந்த இடைவெளிக்குள் அவள் முகத்தில் பாதி மட்டும் தெரிந்தது.

மழையில் நனைந்தபடி அவன் எல்லாவற்றையும் சொன்னான். போனை விட்டுப் போனது, வேலையை விட்டது, பாடசாலையில் சொன்னது, வழியில் பார்த்தது. அவள் இடையில் எதுவும் கேட்கவில்லை. அழவும் இல்லை.

"பிள்ளையும் அதுக்குள்ளை, கிருசாந்தி. எந்தப் பள்ளத்துக்குள்ளை கிடக்கினமோ தெரியேல்லை," என்றான். "அந்த மின்சாரக் கார் எண்டா, எங்கை நிக்கினம் எண்டு இப்ப எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

கிருசாந்தி கதவை இன்னும் கொஞ்சம் சாத்தினாள்.

"ஓம் அத்தான். அதுக்காகத்தான் அக்கா அதை வித்தவ."