பூனை கேட்டு வந்தவர்கள்

வாசற்படி தாண்டியதுமே வந்தவள் கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டாள். பூனையக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாடையே ஆகாதவளுக்குப் பூனை ஒரு கேடா?

"சளிக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க," என்றாள் வந்தவள். பின்னால் வந்த கணவனின் இரண்டு கைகளிலும் கூண்டு. போனில் கேட்டதோ ஒரே ஒரு பூனை. இதையும் பூனையக்கா மனதில் முடிந்துவைத்துக்கொண்டாள்.

தெருவில் வீசப்பட்ட பூனைகளை எடுத்துவந்து, நல்ல வீடாகப் பார்த்து ஒப்படைப்பது என்றுதான் இந்த வேலையை ஆரம்பித்தாள். எடுத்துவருவது சுலபம். ஒப்படைக்க மனிதன் வேண்டுமே! மனிதர்களை நினைத்தாலே அவளுக்குக் குமட்டியது. சோபா நிறத்துக்குப் பொருத்தமாக ஒரு பூனை கேட்டாள் ஒரு மகராசி. குழந்தைக்கு அலுத்துவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்றார் ஒரு பெரிய மனிதர். நகத்தைப் பிடுங்கித் தரச் சொன்ன ஒருவனைப் படிக்கட்டு வரை விரட்டிக்கொண்டு போய்த் திட்டினாள்.

இத்தனை வருடத்தில் ஒருவர்கூடத் தேறவில்லை. தெருவில் கண்டெடுத்த பிள்ளைகள்தான், அதற்காகக் கண்டவன் கையில் கொடுத்துவிட முடியுமா? அக்கம்பக்கத்தார் வந்து தட்டினால் அவள் கதவையே திறப்பதில்லை. பூனை கேட்டு வருகிறவர்களுக்கு மட்டும்தான் திறப்பாள்.

இருவரையும் நிற்க வைத்தே விசாரித்தாள். நாற்காலி, கட்டில், அலமாரித் தட்டு என்று எங்கு பார்த்தாலும் பூனைகள். உட்கார ஏது இடம்? பால்கனிக்கு வலை உண்டா, வெளியூர் போனால் யார் சாப்பாடு வைப்பது, சோபாவைக் கிழித்தால் கை நீட்டுவீர்களா என்று துருவித் துருவிக் கேட்டாள். வந்தவள் ஒன்றுக்கும் தடுமாறவில்லை. கணவன்தான் சாத்திக் கிடந்த ஜன்னல்களையும் பின்னறைக் கதவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த ரூம்லயும் இருக்காக்கா?"

"அதெல்லாம் பயந்தாங்கொள்ளிங்க. ஆளைக் கண்டா ஆகாது," என்று வெட்டினாள் பூனையக்கா. துணிக்கடையில் அத்தனையையும் பிரித்துப் போடச் சொல்லிவிட்டு வெறுங்கையோடு போகிற ரகம் போலிருக்கிறது.

அப்போதுதான் அலமாரிக்கு அடியிலிருந்து ஒண்ணரைக்கண்ணன் வந்தான். எவனோ ஒரு பாவி கோணிப்பையில் கட்டி ஏதோ ஒரு கடைக்குப் பின்னால் வீசிவிட்டுப் போன கிழட்டுப் பூனை. ஒரு கண் அப்போதே போய்விட்டது. மிச்சக் கண்ணிலும் சீழ் வடிந்துகொண்டிருந்தது. பூனை கேட்டு வந்த எவரும் அவனைத் திரும்பிப் பார்த்ததில்லை.

வந்தவள் சட்டென்று வெறுந்தரையில் உட்கார்ந்து அவனை மடியில் எடுத்துக்கொண்டாள். மூக்கைப் பொத்தியிருந்த அதே கைக்குட்டையால் சீழைத் துடைத்தாள். "மருந்து விட்டா இந்தக் கண்ணு தப்பிச்சிடும். எப்பலேர்ந்துக்கா இப்படி வடியுது?"

பூனையக்கா யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை. அதைவிட, இப்படி ஒருத்தி வந்து இப்படிக் கேட்கிறாளே என்பதுதான் அவளுக்குப் பெரிதாகப் பட்டது. அப்பாடா, கடைசியில் ஒரு மனுஷி! வாழ்நாளில் எவரிடமும் சொல்லாததை அவள் அன்றைக்குச் சொன்னாள்.

"உனக்குத் தரேம்மா. இவனையே எடுத்துக்கோ."

வந்தவள் கண் கலங்கியபடி கணவனைப் பார்த்துத் தலையசைத்தாள். அவன் போய்ப் பின்னறைக் கதவைத் திறந்தான்.

உள்ளிருந்து நாற்றம் குப்பென்று அடித்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஓங்கரித்தான். எலும்பும் தோலுமாகப் பூனைகள், தங்கள் கழிவிலேயே ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அவற்றில் சில அசையவே இல்லை.

படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. முகமூடி அணிந்த நாலைந்து பேர் கையில் கூண்டுகளோடு உள்ளே வந்தார்கள்.

"ஒண்ணுன்னுதானே கேட்டீங்க... யாரு நீங்கல்லாம்?" பூனையக்கா ஒவ்வொரு கூண்டாகப் பார்த்தாள்.

வந்தவள் ஒண்ணரைக்கண்ணனை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நாங்களும் பூனைங்களைக் காப்பாத்துறவங்கதான்க்கா."