கேமராவில் சனிக்கிழமை

ஏற்காடு பஸ் நிலையத்துக்கு எதிரில் இருந்த ஸ்டுடியோவில், சிவசக்தி மெமரி கார்டைச் செருகிவிட்டு எந்தப் படத்தில் தேதி தப்பு என்று கேட்டாள்.

தேவசிகாமணி, மாலையோடு நிற்கும் தன் படத்தைக் காட்டினார். அது வெள்ளிக்கிழமை எடுத்தது, கேமராவோ சனிக்கிழமை என்கிறது, அதன் கடிகாரம் ஒரு நாள் கூட்டிக் காட்டுகிறது என்றார். நாகலூரிலிருந்து வரும் வழியெல்லாம் மகள் ரூபியிடமும் இதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அதற்காக எஸ்டேட்டில் நடந்த விழாவில் முதலாளி தன் கையாலேயே போட்ட மாலை அது. படத்தில் வாயெல்லாம் பல்.

அவர் மனைவி சாந்தாமேரி சேலம் ஆஸ்பத்திரியில் இறந்தது சனிக்கிழமை.

முதல் வருஷ நினைவுத் திருப்பலிக்காக ரூபி மஸ்கட்டிலிருந்து வந்திருந்தாள். அம்மாவின் கடைசி நாட்களை ஆல்பம் போட வேண்டும், படத்துக்குப் படம் கீழே தேதி வர வேண்டும் என்றாள். அப்பாவின் மாலைப் படமும் கட்டாயம் வேண்டுமாம்.

சனிக்கிழமை முழுக்க அம்மாவின் கையைப் பிடித்தபடி பக்கத்திலேயே இருந்ததாக அவளிடம் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் அவள் இந்த ஒரு வருஷத்தை ஓட்டினாள். எப்பாடு பட்டாவது அந்தப் படம் வெள்ளிக்கிழமைக்குப் போயாக வேண்டும்.

அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதும் என்றார்.

சிவசக்தி உதட்டைப் பிதுக்கினாள்.

“எல்லாம் ஒரே கேமராவுல எடுத்ததுங்க ரைட்டரய்யா. ஒண்ணு தப்புன்னா அத்தனையும் தப்பாத்தான் இருக்கும். தேதி நல்லாத் தெரிஞ்ச படம் ஒண்ணு சொல்லுங்க, அத வெச்சு மொத்தத்தையும் நவுத்திரலாம்.”

அவர் வாயைத் திறப்பதற்குள் ரூபி அம்மாவின் அடக்கப் படத்தைத் தொட்டுக் காட்டினாள். விமானத்திலிருந்து இறங்கி நேராகக் கல்லறைக்கு ஓடி வந்தவள். அந்த நாளை அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

கேமரா அதற்கு ஞாயிற்றுக்கிழமை என்று போட்டிருந்தது.

அடக்கம் ஞாயிற்றுக்கிழமைதான்.

ரூபி அந்தத் தேதியையே பார்த்தாள். பிறகு மாலைப் படத்துக்குக் கீழே இருந்த சனிக்கிழமையைப் பார்த்தாள்.

தேவசிகாமணிக்கு உடம்பெல்லாம் கூசியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க வந்தவர், கடைசியில் மகளையும் கூடவே கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

முதலாளி வருஷத்துக்கு ஒரு தடவைதான் மலையேறுவார். போய் மாலையை வாங்கிக்கொண்டு சாயங்கால பஸ்ஸில் கீழே இறங்கிவிடலாம் என்றுதான் அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பினார். சாந்தாமேரியும் போய்விட்டு வரச் சொன்னாள். மத்தியானமே கண்ணை மூடிவிட்டாள். அப்போது அவர் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் நர்ஸ்கூட இல்லையாம்.

தன்னை நினைக்கவே அவருக்கு அருவருப்பாக இருந்தது. இப்போது கேட்பாள், கேட்கட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டார்.

சிவசக்தி கீபோர்டில் கையை வைத்துக்கொண்டு, அடக்கம் என்றைக்கு என்று ரூபியிடம் கேட்டாள்.

“சனிக்கிழமைங்க.”

அம்மாவைப் புதைத்த நாளை எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் மாற்றிச் சொன்னாள்.

எல்லாப் படங்களும் ஒரு நாள் பின்னால் போயின; மாலைப் படம் வெள்ளிக்கிழமை ஆனது. சரியாக இருக்கிறதா என்று சிவசக்தி கேட்டதற்கு, ரூபி சரி என்று தலையாட்டினாள். அப்பாவின் பக்கம் மட்டும் அவள் திரும்பவே இல்லை.